தசை வறுமை: முதுமையில் தாவர ஊட்டமும் உடற்பயிற்சியும்

கிரேக்க மொழியில் 'சார்க்ஸ்' என்றால் தசை, 'பீனியா' என்றால் வறுமை. 1988ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அல்புகர்க்கி நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் இர்வின் ரோசன்பர்க் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளர் இந்த இரண்டையும் சேர்த்து 'சார்க்கோபீனியா' என்ற சொல்லை முன்வைத்தார். வயது ஏற ஏறத் தசை குறைவதை எல்லோரும் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் பெயர் இல்லாத ஒன்றை அறிவியல் உலகம் கண்டுகொள்ளாது என்பது அவருடைய எண்ணம். அது சரியாகத்தான் இருந்தது. பெயர் வந்த பிறகு அளவைகள் வந்தன, சோதனைகள் வந்தன. 2016ல் அமெரிக்க மருத்துவக் குறியீட்டுப் பட்டியலில் இதற்குத் தனி எண்ணும் கிடைத்தது. தமிழில் இதைத் 'தசை வறுமை' என்றே சொல்லிவிடலாம். சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பெயர் வந்ததும் சந்தையும் வந்தது. அமுக்கராக் கிழங்குச் சாறு, மஞ்சள் மாத்திரை, முருங்கைப் பொடி, சுருள்பாசி, பட்டாணிப் புரதம், மாதுளையிலிருந்து வரும் வேதிப்பொருள் என்று 'தாவரத்திலிருந்து பெறப்பட்டது' என்ற முத்திரையோடு தசைக்கான சப்ளிமெண்டுகள் அலமாரி அலமாரியாக நிற்கின்றன. ஊருக்குப் போகும்போது பெட்டியில் நாம் இவற்றை வைத்துக்கொண்டு போகிறோம். பெற்றோருக்குப் பக்கத்தில் இருக்க முடியாதவர்களுக்குப் புட்டி ஒரு ஆறுதல். அந்தப் புட்டியால் பெற்றோரின் காலுக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

எவ்வளவு குறைகிறது, ஏன் குறைகிறது?

நடுவயதில் தொடங்கும் தசைக் குறைவு எழுபதுக்குப் பிறகு வேகம் பிடிக்கிறது. 75 வயதையொட்டிய கணக்குப்படி, தசையின் அளவு ஆண்டுக்கு ஒரு சதவிகிதத்துக்குச் சற்றுக் கீழே குறைகிறது. வலிமையோ ஆண்டுக்குச் சுமார் மூன்று சதவிகிதம் குறைகிறது. அதாவது, கண்ணுக்குத் தெரியும் மெலிவைவிடக் கண்ணுக்குத் தெரியாத பலவீனம் மூன்று மடங்கு வேகமாக நடக்கிறது. எடை பார்க்கும் கருவியில் இது தெரியாது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் எடை அப்படியே இருக்கும்.

காரணங்கள் பல. தசைநார்களை இயக்கும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிகின்றன. தசைநார்களில் மெதுவாக இயங்குபவை, வேகமாக இயங்குபவை என்று இரண்டு வகை உண்டு. முதுமையில் அதிகம் சுருங்குவது வேக வகை. கால் தடுக்கும்போது சட்டென்று அடுத்த காலை எடுத்து வைத்து நம்மைக் காப்பாற்றுவது இந்த வகைதான். ஆகவே வயதானவர்கள் விழுவதற்குக் கவனக்குறைவு மட்டுமே காரணம் இல்லை.

இன்னொரு காரணம், உண்ட புரதத்தைத் தசையாக மாற்றும் திறன் மழுங்குவது. 2015ல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, ஒரு வேளை உணவில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.24 கிராம் புரதம் இருந்தால் இளைஞரின் தசைக்குப் போதும். முதியவருக்கு அதே பலன் கிடைக்க 0.40 கிராம் வேண்டியிருக்கிறது. வயதானால் சாப்பாடு குறைய வேண்டும் என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. புரதத்தைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது.

மூன்றாவது காரணம் படுக்கை. 2007ல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 67 வயதான ஆரோக்கியமான சிலர் பத்து நாட்கள் படுக்கையிலேயே இருந்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பிய பாட்டி 'அதுக்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை' என்று நாம் கேட்கும் கதைகளில் இதற்கும் பங்குண்டு.

நமக்கென்று ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. புனே நகரின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004ல் லான்செட் இதழில் ஒரு பக்கம் எழுதினார்கள். இருவருடைய உடல் எடைக் குறியீடும் (பி.எம்.ஐ.) ஒன்றுபோலவே இருந்தது. ஆனால் யாஜ்னிக்கின் உடலில் கொழுப்பு யுட்கினின் உடலில் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மெலிந்த தோற்றம், குறைந்த தசை, மறைந்த கொழுப்பு என்பது தெற்காசியரிடம் பரவலாகக் காணப்படும் உடலமைப்பு. குறைந்த இருப்போடு முதுமைக்குள் நுழைபவர்களுக்கு இழக்க மிச்சம் அதிகம் இல்லை.

வீட்டில் அளந்து பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கையை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். சார்க்கோபீனியாவுக்கான ஆசியக் குழு 2019ல் வெளியிட்ட வரையறையில், இதற்கு 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டிய நிலை. கைப்பிடி வலிமை ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் அதுவும் அப்படியே. கைப்பிடி சின்ன விஷயமாகத் தோன்றலாம். 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2015ல் வெளியான ஆய்வு (இந்தியாவும் அதில் உண்டு) வேறு விதமாகச் சொல்கிறது. கைப்பிடியில் குறையும் ஒவ்வொரு 5 கிலோவுக்கும் மரண அபாயம் 16 சதவிகிதம் கூடுதலாக இருந்தது.

பாஸ்டனில் நடந்த சோதனை

சப்ளிமெண்டா, பயிற்சியா என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடிய சோதனை 1994ல் வெளிவந்தது. மரியா ஃபியாட்டரோனும் சகாக்களும் பாஸ்டன் நகரின் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நூறு பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். சராசரி வயது 87. பலரும் கைத்தடியோ நடைச்சட்டமோ இல்லாமல் நடக்க முடியாதவர்கள். இவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கால் தசைகளுக்கான கடினமான பளுப் பயிற்சி, வாரம் மூன்று முறை. இன்னொரு குழுவுக்கு சோயாப் புரதம் கலந்த 360 கலோரி பானம், தினமும். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவது குழுவுக்கு இரண்டும் இல்லை.

பத்து வாரம் கழித்து அளந்தார்கள். பயிற்சி செய்தவர்களின் வலிமை சராசரியாக 113 சதவிகிதம் கூடியிருந்தது, அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். பயிற்சி செய்யாதவர்களுக்குக் கூடியது 3 சதவிகிதம். நடை வேகமும் படியேறும் திறனும் பயிற்சி செய்தவர்களுக்கு மட்டுமே கூடின. நடைச்சட்டத்திலிருந்து கைத்தடிக்கு மாறியவர்களும் இருந்தார்கள்.

பானம் மட்டும் குடித்தவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை. இன்னும் சுவாரசியமான ஒன்று, அவர்கள் பானத்தைக் குடித்துவிட்டு அந்த அளவுக்கு வழக்கமான சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். மொத்த உணவு கூடியது, பயிற்சியும் செய்து பானமும் குடித்தவர்களுக்கு மட்டும்தான். உழைத்த உடம்புக்குத்தான் பசித்தது.

மென்பொருள் எழுதுபவர்களுக்குப் புரியும்படி சொன்னால், புரதம் உள்ளீடு, பளுதான் ஆணை. ஆணை வராத வரையில் உள்ளீட்டை உடம்பு தசைக்கென்று எடுத்துவைப்பதில்லை. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு இனி உணவுக்கு வருவோம்.

பருப்பும் பயறும் போதுமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020ல் பரிந்துரைத்த புரத அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். இது வயதுவந்தோர் அனைவருக்குமான பொது அளவு. முதியோருக்கென்று ஒரு பன்னாட்டு நிபுணர் குழு 2013ல் 1.0 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைத்தது. நோயுற்றவர்களுக்கு 1.2 முதல் 1.5 வரை.

அறுபது கிலோ எடையுள்ள, சைவ உணவு உண்ணும் ஒரு அம்மாவின் ஒரு நாளைத் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலை மூன்று இட்லி, சாம்பார்: 9 கிராம். இரண்டு வேளை காப்பியில் சேரும் பால்: 6 கிராம். மதியம் சோறு, குழம்பு, பொரியல், தயிர்: 15 கிராம். இரவு இரண்டு தோசை, சட்னி: 7 கிராம். மொத்தம் 37 கிராம். அவருக்கு வேண்டியது 60 முதல் 72 கிராம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பற்றாக்குறை. வயிறு நிறைந்திருக்கிறது, சமையலிலும் குறையில்லை. சாம்பாரில் பருப்பைவிடத் தண்ணீர் அதிகம், அவ்வளவுதான்.

இதை நிரப்பப் புட்டி வேண்டியதில்லை. 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் 10 கிராம் புரதம். கடைகளில் மீல்மேக்கர் என்று விற்கும் சோயா உருண்டை 25 கிராம் சேர்த்தால் 13 கிராம். ஒரு தம்ளர் பால் 6 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7 கிராம். தோசைக்குப் பதில் நிறையப் பருப்பு போட்ட அடை வார்த்தால் இரவுச் சாப்பாட்டின் புரதம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஒரு முட்டைக்கு 6 கிராம்.

தாவரப் புரதம் தரத்தில் குறைந்தது என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை உண்டு. தசை கட்டும் வேலையைத் தொடங்கிவைப்பது லியூசின் என்ற அமினோ அமிலம். முதியவருக்கு ஒரு வேளைக்கு 2.5 முதல் 3 கிராம் வரை லியூசின் தேவை என்று சொல்கிறார்கள். பால் ஊநீர்ப் புரதத்தில் லியூசின் பத்து சதவிகிதத்துக்கு மேல். சோயாவிலும் பட்டாணியிலும் சுமார் எட்டு சதவிகிதம். ஆகவே தாவரப் புரதம் என்றால் அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும். பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது. அரிசியில் குறையும் லைசினைப் பருப்பு ஈடுகட்டுகிறது. இட்லியும் பொங்கலும் அந்த வகையில் நல்ல சேர்க்கைகள், பருப்பின் பங்கைக் கூட்டிக்கொண்டால்.

அளவு சரியாக இருந்தால் வேறுபாடு மறைந்துவிடுகிறது என்பதற்குச் சான்றுகள் உண்டு. பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 2021ல் வெளியான சோதனையில், தாவர உணவு மட்டும் உண்ட இளைஞர்களும் அசைவ இளைஞர்களும் ஒரே அளவு புரதம் உண்டு 12 வாரம் கால் பயிற்சி செய்தார்கள். தசை வளர்ச்சியில் வேறுபாடு இல்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2024ல் வெளியிட்ட சோதனை முதியவர்களிடம் நடந்தது. சராசரி வயது 72. காலையும் மதியமும் 25 கிராம் புரதப் பொடி. பால் ஊநீர்ப் புரதமும் பட்டாணிப் புரதமும் தசைப் புரத உற்பத்தியை ஏறத்தாழ ஒரே அளவில் கூட்டின. விலை கூடிய கொலாஜன் பொடி எதையும் கூட்டவில்லை. மென்று சாப்பிட முடியாதவர்களுக்கும் பசி மந்தமானவர்களுக்கும் பட்டாணி, சோயாப் புரதப் பொடிகள் பயன்படும். மற்றவர்களுக்குச் சமையலறையே போதும்.

புட்டியில் வருபவை

முருங்கைப் பொடியிலும் சுருள்பாசியிலும் தொடங்கலாம். உலர்ந்த முருங்கை இலையில் கால் பங்கும் சுருள்பாசியில் பாதிக்கு மேலும் புரதம் என்று விளம்பரங்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் ஒரு தேக்கரண்டி முருங்கைப் பொடி இரண்டு மூன்று கிராம்தான் இருக்கும். அதில் புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. அரை கிராம் சுருள்பாசி மாத்திரை ஆறு விழுங்கினால் இரண்டு கிராம்கூடத் தேறாது. சதவிகிதத்தைச் சொல்லி அளவை மறைப்பது பழைய வித்தை.

அமுக்கரா, வடமொழியில் அசுவகந்தா. சித்த மருத்துவத்தில் அமுக்கராச் சூரணமாக நெடுங்காலமாக இருப்பது. 2015ல் வெளியான ஓர் இந்தியச் சோதனையில், தினம் இரண்டு முறை 300 மில்லிகிராம் அமுக்கராச் சாறு எடுத்தவர்களுக்கு எட்டு வாரத்தில் வலிமை கூடுதலாக வளர்ந்தது. விளம்பரங்கள் சொல்லாத இரண்டு விவரங்கள்: அவர்கள் 18 முதல் 50 வயது வரையிலான 57 ஆண்கள். எல்லோரும் பளுப் பயிற்சியும் செய்துகொண்டிருந்தவர்கள். எண்பது வயதில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இதிலிருந்து எதையும் சொல்ல முடியாது. அமுக்கராவால் ஈரல் பாதிப்பு ஏற்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. தைராய்டு சுரப்பையும் இது கூட்டலாம். டென்மார்க் 2023ல் உணவுப் பொருட்களில் இதைத் தடை செய்தது.

மாதுளை, வால்நட் ஆகியவற்றில் உள்ள சில பொருட்களைக் குடல் பாக்டீரியாக்கள் யூரோலித்தின் ஏ என்ற பொருளாக மாற்றுகின்றன. அந்தப் பாக்டீரியாக்கள் எல்லோருடைய குடலிலும் இருப்பதில்லை. எனவே நேரடியாக மாத்திரையாக விற்கிறார்கள். 2022ல் வெளியான சோதனையில் 65 முதல் 90 வயது வரையிலான 66 பேர் நான்கு மாதம் எடுத்துக்கொண்டார்கள். தசை களைப்படையாமல் இயங்கும் திறன் சற்றுக் கூடியது. ஆனால் சோதனையின் முதன்மை அளவையான ஆறு நிமிட நடையில், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட அவர்கள் குறிப்பிடும்படி முன்னேறவில்லை. நம்பிக்கை தரும் ஆராய்ச்சிதான். மாதாமாதம் விலை கொடுத்து வாங்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

ஆப்பிள் தோலிலும் துளசியிலும் உள்ள அர்சாலிக் அமிலமும் பச்சைத் தக்காளியின் டொமாட்டிடினும் எலிகளின் தசையை வளர்த்திருக்கின்றன. எலிகளின் தசையை.

பலன் இல்லை என்பதோடு போகாமல், பயிற்சியின் பலனைக் குறைத்தவையும் உண்டு. கோப்பன்ஹேகனில் 2013ல் வெளியான சோதனையில் 65 வயதையொட்டிய ஆண்கள் எட்டு வாரம் பயிற்சி செய்தார்கள். திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ரால் மாத்திரை எடுத்தவர்களைவிட, வெற்று மாத்திரை எடுத்தவர்களின் ஆக்சிஜன் பயன்படுத்தும் திறன்தான் அதிகம் முன்னேறியது. நார்வேயில் 2016ல் வெளியான சோதனையில், வைட்டமின் சி, ஈ இரண்டையும் பெரிய அளவில் எடுத்த முதியவர்களுக்குப் பளுப் பயிற்சியால் வளர்ந்த தசை மற்றவர்களைவிடக் குறைவு. பயிற்சியின்போது உண்டாகும் சிறு வேதி அழுத்தமே தசைக்கு 'வளர்' என்று சொல்லும் சமிக்ஞைகளில் ஒன்று. அதைப் பெரிய அளவு மாத்திரையால் அணைத்துவிட்டால் தகவல் போய்ச் சேருவதில்லை. பழமாக உண்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

சைவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு சப்ளிமெண்ட் உண்டென்றால் அது கிரியாட்டின். இது இறைச்சியிலும் மீனிலும் இருப்பது, தாவரங்களில் இல்லை. ஆனால் விற்கப்படும் பொடி ஆலையில் வேதிமுறையில் தயாராவது, விலங்குத் தொடர்பில்லாதது. சைவர்களின் தசையில் இதன் இருப்பு குறைவு. முதியவர்களிடம் நடந்த 22 சோதனைகளைத் தொகுத்து 2017ல் வெளியான ஆய்வில், பளுப் பயிற்சியோடு கிரியாட்டின் எடுத்தவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் கொழுப்பற்ற எடை 1.37 கிலோ கூடுதலாக வளர்ந்தது. இங்கேயும் 'பளுப் பயிற்சியோடு' என்பதைக் கவனிக்கவும்.

எந்தப் பயிற்சி, எவ்வளவு?

தினமும் கோவில் வரைக்கும் நடக்கிறேன், அது போதாதா என்று கேட்பார்கள். நடை இதயத்துக்கு நல்லது. தசைக்கு அது மட்டும் போதாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது: வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி. அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரிடம் நடந்து 2014ல் வெளியான பெரிய சோதனையில் நடையோடு தசை, சமநிலைப் பயிற்சிகளையும் சேர்த்திருந்தார்கள். 400 மீட்டர் நடக்க முடியாத நிலைக்கு வந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 30.1 சதவிகிதம், சுகாதார வகுப்பு மட்டும் கேட்ட குழுவில் 35.5 சதவிகிதம்.

உரலும் அரிவாள்மனையும் தரையில் பாய் விரித்து உண்பதும் ஒரு காலத்தில் தினம் பலமுறை உட்கார்ந்து எழ வைத்தன. அவை வீட்டை விட்டுப் போன பிறகு, எழுந்து உட்காருவதைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

- நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருதல். முடியாவிட்டால் முதலில் தலையணை போட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம்.
- சுவரில் கை வைத்துத் தள்ளுதல்.
- சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல்.
- சன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையை மார்பை நோக்கி இழுத்தல்.
- கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு படி ஏறி இறங்குதல்.

ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு சுற்று, வாரம் இரண்டு மூன்று நாள். கடைசி இரண்டு முறை கடினமாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். எளிதாகிவிட்டால் பளுவைக் கூட்ட வேண்டும். தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதும் பளுதான். மூச்சை அடக்கக் கூடாது. நெஞ்சுவலி உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்படாதவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சையோ கண் விழித்திரைச் சிகிச்சையோ செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

பலன் நிற்குமா? ஓய்வு பெறும் வயதில் இருந்த சுமார் 450 டேனிஷ் மக்களிடம் நடந்த ஆய்வு 2024ல் வெளியானது. ஓராண்டு கடினமான பளுப் பயிற்சி செய்தவர்களின் கால் வலிமை, தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆன பிறகும் தொடக்க அளவிலேயே இருந்தது. மற்றவர்களுக்குக் குறைந்திருந்தது.

சில எச்சரிக்கைகள்

சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. சர்க்கரை நோய் பரவலாக உள்ள நம் குடும்பங்களில் இது முக்கியம். கிரியாட்டின் எடுப்பவர்களின் ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் அளவு சற்றுக் கூடித் தெரியலாம். முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட்டால் வீண் பீதி இல்லை. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் மஞ்சள் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மிளகுச் சத்து சேர்த்து உடலில் அதிகம் ஏறும்படி செய்த மாத்திரை வேறு. பின்னதால் ஈரல் பாதிப்புகள் பதிவாகியுள்ளன.

'மூலிகைதானே, கெடுதல் என்ன' என்பவர்களுக்கு: பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேதப் பொருட்கள் 70ஐ ஆராய்ந்து 2004ல் வெளியிட்டார்கள். 14 பொருட்களில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன.

முடிவாக

முதலில் பளு, அடுத்து போதுமான பருப்பும் பயறும், அதன் பிறகு தேவைப்பட்டால் புரதப் பொடியோ கிரியாட்டினோ. மூலிகைச் சாறுகளுக்கு இந்த வரிசையில் இப்போதைக்கு இடமில்லை. வரிசையைத் தலைகீழாக்கினால் என்ன ஆகும் என்பதை 1994லேயே பாஸ்டன் முதியவர்கள் காட்டிவிட்டார்கள்.

தசைப் பயிற்சிக்கான ரப்பர் பட்டை ஒரு மாத்திரைப் புட்டியைவிட எடை குறைவு, பெட்டியில் எளிதாக மடித்து வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் 'மாத்திரை சாப்பிட்டீர்களா' என்று கேட்பதோடு 'இன்றைக்கு எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தீர்கள், சுண்டல் உண்டா' என்றும் கேட்கலாம். எண்ணிக்கையைக் குறித்துவைத்தால் அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.